தலைசுற்றலும் உட்செவியும்

உயிர்களை அறிவின் வகையால் பகுத்த தொல்காப்பியர், உற்றறிவை முதலிலும், செவியறிவை ஐந்தாவதாகவும், மன அறிவை ஆறாவதாகவும் வைத்தார். செவி என்றவுடன் நாம் நினைப்பது கேட்டல் ஒன்றையே. ஆயின், அச்செவியின் உள்ளே கேட்டலுக்கு உதவாத வேறொரு பொறியும் குடியிருக்கின்றது. நாம் நிமிர்ந்து நிற்கிறோமா, சாய்கிறோமா, எப்பக்கம் திரும்புகிறோம் என்பவற்றை ஓயாது மூளைக்கு அறிவித்துக்கொண்டிருப்பது அதுவே. அதனைச் சமநிலைப் பொறி என்று அழைக்கலாம். அது செவ்வனே இயங்கும்வரை அப்படி ஒன்று இருப்பதையே நாம் அறியோம். அது பிறழ்ந்துவிட்டாலோ, வீடும் வாசலும் கண்முன்னே சுழல்கின்றன; கால் தரையில் பாவ மறுக்கின்றது; குமட்டலும் வாந்தியும் வருகின்றன.

இத்துன்பத்தை நம்மவர் பெரும்பாலும் 'மயக்கம்' என்னும் ஒரே சொல்லால் சொல்லி முடித்துவிடுகின்றனர். பித்தம் தலைக்கேறிவிட்டது என்பார் சிலர். இரத்தக் குறைவு என்பார் சிலர். இரத்த அழுத்தம் என்று தாமே முடிவுகட்டுவாரும் உண்டு. உண்மையில் தலைசுற்றல் நோய்கள் பலவற்றிற்கு வேர் உட்செவியில் இருக்கின்றது. அவற்றுள் மிகப் பலரைப் பற்றும் நோய் ஒன்று, மருந்தின்றித் தலையை முறைப்படி திருப்புவதாலேயே சில நிமிடங்களில் தீரக்கூடியது. அதனை அறியாமல் ஆண்டுக்கணக்காக மாத்திரை விழுங்குவோர் உளர். விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி வீட்டினுள்ளேயே முடங்கிவிடும் முதியோரும் உளர். மற்றொரு புறம், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் ஏற்படும் அடைப்பும் தலைசுற்றலாகவே தலைகாட்டுவதுண்டு. அங்குக் காலந்தாழ்த்தினால் உயிருக்கே ஊறு நேரும். இவற்றை எவ்வாறு பிரித்தறிவது, எவ்வாறு தீர்ப்பது என்பதை இங்குக் காண்போம்.

மூன்று குழல்கள், இரண்டு பைகள்

காதின் பின்புறத்து எலும்புக்குள் ஆழத்தில் உட்செவி அமைந்துள்ளது. அதில் நத்தை ஓடு போன்று சுருண்ட பகுதி கேட்டலுக்கு உரியது. அதனை அடுத்து அரைவட்டமாக வளைந்த மூன்று குழல்கள் உள்ளன. ஓர் அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் ஒன்றையொன்று எப்படிச் செங்குத்தாகச் சந்திக்கின்றனவோ, ஏறக்குறைய அப்படியே இம்மூன்று குழல்களும் மூன்று தளங்களில் நிற்கின்றன. ஆதலின் தலை எத்திசையில் திரும்பினும் ஏதேனும் ஒரு குழல் அதனை உணர்ந்துவிடும்.

குழல்களினுள்ளே நீர்மம் நிறைந்துள்ளது. தலை திரும்பும்பொழுது குழலும் உடன் திரும்புகின்றது. உள்ளிருக்கும் நீர்மமோ சற்றே பின்தங்குகின்றது. ஒரு குவளை நீரில் சிறு இலையை மிதக்கவிட்டுக் குவளையை மட்டும் சட்டென்று திருப்பிப் பாருங்கள். குவளை திரும்பும், இலை இருந்த திசையிலேயே நிற்கும். அவ்வாறு பின்தங்கும் நீர்மம், குழலின் அடியில் உள்ள கூழ் போன்ற சிறு தடுப்பை வளைக்கின்றது. அத்தடுப்பினுள் பதிந்துள்ள நுண்மயிர் அணுக்கள் அவ்வளைவை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன.

சிறுவர்கள் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றதும் உலகம் சுழல்வதாகக் கூவுவதற்குக் காரணம் இதுவே. நெடுநேரம் சுற்றும்போது குழலின் வேகத்தை நீர்மமும் எட்டிவிடுகின்றது. உடல் நின்ற பின்னும் நீர்மம் உடனே நிற்பதில்லை. தடுப்பை மறுபுறம் வளைத்துவிடுகின்றது. அத்தடுப்பு பழைய நிலைக்கு மீளும் வரை 'இன்னும் சுழல்கிறோம்' என்று காது சொல்கின்றது; 'நின்றுவிட்டோம்' என்று காலும் கண்ணும் சொல்கின்றன. இரு சான்றுகளும் முரண்படுவதால் மூளை தடுமாறுகின்றது. தலைசுற்றல் என்பது அடிப்படையில் இத்தகைய முரண்பாடே.

குழல்களின் அடியில் இரண்டு சிறு பைகள் உள்ளன. இவை உடல் சாய்வதையும் நேர்க்கோட்டில் விரைவதையும் உணர்பவை. இப்பைகளின் உட்பரப்பில் கூழ்ப் படலம் ஒன்றும், அதன்மேல் மிக நுண்ணிய கற்களும் படிந்துள்ளன. முட்டையோட்டில் உள்ள அதே கால்சியம் கார்பனேட்டால் ஆனவை அக்கற்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கே இருக்கும். தலை சாய்ந்தால் அவற்றின் எடை படலத்தை ஒருபுறம் இழுக்கும், சாய்வு தெரிந்துவிடும். இக்கற்களை மறவாதிருங்கள். பின்னர் நாம் காணப்போகும் நோய்க்கு இவையே காரணம்.

சமநிலைப் பொறிக்கும் கண்ணுக்கும் உள்ள உறவையும் அறிந்துகொள்ள வேண்டும். இவ்விதழை முகத்தின்முன் பிடித்து, இடவலமாக விரைந்து அசைத்துக்கொண்டே படித்துப் பாருங்கள், எழுத்துகள் கலங்கிவிடும். இப்பொழுது இதழை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை அதே வேகத்தில் அசைத்துப் படியுங்கள்; எழுத்துகள் தெளிவாகவே தெரியும். தலை வலப்புறம் திரும்பிய அளவிற்குக் கண்களை இடப்புறம் திருப்பும் பணியை உட்செவி செய்துவிடுவதே காரணம். அதற்கு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரமே பிடிக்கின்றது. உட்செவி நோயை மருத்துவர் கண்ணில் தேடுவது இவ்வுறவு பற்றியே.

மூளையிலிருந்து காதுக்கு

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், புளூரான்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் புறாக்களின் அரைவட்டக் குழல்களை அறுத்து ஆராய்ந்தார். எக்குழலை அறுத்தாரோ அக்குழலின் தளத்திலேயே பறவையின் தலை ஆடியது. கிடைக் குழலை அறுத்தபோது புறா வட்டமிட்டுச் சுழன்றது. எனினும் மனிதரின் தலைசுற்றலுக்கும் காதுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் அப்பொழுது எண்ணிப் பார்க்கவில்லை. மூளையில் இரத்தம் தேங்கியதால் வருவது என்றே கருதினர். அட்டை விட்டும் நரம்பைக் கீறியும் இரத்தத்தை வெளியேற்றினர்.

பாரிசில் செவிடர் ஊமையர்க்கான நிலையத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பேர் மெனியர் 1861-இல் இக்கருத்தை மறுத்தார். திடீர்த் தலைசுற்றல், காதிரைச்சல், செவிமந்தம் மூன்றும் ஒருங்கே வரும் நோயாளிகளின் பழுது மூளையில் அன்று, உட்செவியிலேயே உள்ளது என்று அவர் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் பெயரால் அந்நோய் இன்றும் வழங்குகின்றது.

வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி அடுத்த படியைக் கடந்தார். காதைக் கழுவும்போது சிலருக்குத் தலைசுற்றுவதையும் கண்கள் துடிப்பதையும் அவர் கண்டார். குளிர்ந்த நீரை விட்டால் கண்கள் ஒரு திசையிலும், வெந்நீரை விட்டால் எதிர்த் திசையிலும் துடித்தன. சூடேறிய நீர்மம் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும் என்னும் இயற்பியல் உண்மையைக் கொண்டு இதனை அவர் விளக்கினார். இதனால் ஒவ்வொரு காதின் சமநிலைப் பொறியையும் தனித்தனியே சோதிக்கும் வழி பிறந்தது. 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். 1916-இல் விடுதலை பெற்ற பின்னரே பரிசைப் பெற்றார். 1983-இல் எடையற்ற விண்வெளியில் இச்சோதனையைச் செய்தபோதும் கண்கள் துடித்தன. ஆதலின் பாரனியின் விளக்கம் முழு விளக்கம் அன்று என்பது தெளிவாயிற்று. எனினும் அவர் கண்ட சோதனை இன்றும் வழக்கில் உள்ளது.

மருத்துவர் கேட்கும் மூன்று வினாக்கள்

தமிழில் இத்துன்பங்களைக் குறிக்கச் சொற்கள் பல உண்டு. எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது வேறு. உலகம் சுழல்வது வேறு. சுழற்சியின்றிக் கால் தள்ளாடுவது வேறு. தலை கனத்துக் கிறுகிறுப்பது வேறு. இவை அனைத்தையும் 'மயக்கம்' என்ற ஒரு சொல்லில் அடைப்பது மருத்துவர்க்கு உதவாது. அச்சொல் நினைவிழப்பையும் குறிக்கும், குடிவெறியையும் குறிக்கும், கலக்கத்தையும் குறிக்கும்.

ஆயினும் சொல்லைத் துல்லியமாகத் தேர்வதால் மட்டும் நோய் விளங்கிவிடாது. தலைசுற்றலைச் சொல்லின் வகையால் பிரிக்கும் முறையே ஆங்கில மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவியது. ஆனால், நோயாளியிடம் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் கேட்டால், பலர் வேறு சொல்லைக் கூறுவது அண்மைக் கால ஆய்வுகளில் தெரியவந்தது. ஆதலின் இன்றைய மருத்துவர் முதன்மையாக மூன்று வினாக்களைக் கேட்கின்றனர். ஒருமுறை வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்கின்றது? எதனைச் செய்தால் வருகின்றது? உடன் வருவன எவை? நொடிகள், மணிகள், நாட்கள் என்னும் கால அளவே பெரும்பாலும் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இடம் மாறிய கற்கள்

படுக்கையில் புரளும்போதோ, படுக்கும்போதோ, எழும்போதோ, பரண்மேல் உள்ள பொருளை அண்ணாந்து பார்க்கும்போதோ உலகம் கடுமையாகச் சுழலும். ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடும். காது கேட்பதில் குறை இராது. இவ்வாறு கூறுபவர்க்குப் பெரும்பாலும் நிலைமாற்றத் தலைசுற்றல் என்னும் நோயே இருக்கும். உட்செவித் தலைசுற்றல்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. ஐம்பது வயதைக் கடந்தவர்க்கும், பெண்களுக்கும், தலையில் அடிபட்டவர்க்கும் இது மிகுதி. எழும்போது வருவதால் இதனை இரத்த அழுத்தக் குறைவு என்று கருதிவிடுவர். படுத்தபடியே புரளும்போது இரத்த அழுத்தம் அவ்வாறு வீழ்வதில்லை. புரளும்போதும் சுற்றுகிறதா என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

பையில் இருக்கவேண்டிய நுண்கற்கள் சில கழன்று அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிடுவதே இந்நோயின் காரணம். நிற்கும்போதும் படுக்கும்போதும் மிகத் தாழ்ந்த இடத்தில் இருப்பதால், பின்புறக் குழலிலேயே அவை மிகுதியாகத் தங்குகின்றன. தலையின் நிலை மாறும்போது கற்கள் நீர்மத்தினூடே சரிந்து, அதனையும் உடன் இழுக்கின்றன. தலை அசைவற்றிருந்தும் 'சுழல்கிறோம்' என்னும் பொய்ச்செய்தி மூளைக்குச் செல்கின்றது. கற்கள் அடியில் படிந்ததும் சுழற்சி நின்றுவிடுகின்றது.

இந்நோயை 1921-இல் பாரனியே விவரித்தார். இலண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்னும் இருவர் 1952-இல் இதற்குரிய சோதனையை வகுத்தனர். நோயாளியைக் கட்டிலில் அமர்த்தித் தலையை ஒருபுறம் 45 பாகை திருப்பி, தலை சற்றே கட்டிலுக்கு வெளியே தாழுமாறு விரைவாகப் படுக்கவைக்க வேண்டும். பழுதுற்ற காது கீழ்ப்புறம் இருப்பின், சில நொடிகள் கழித்துக் கண்கள் சுழன்று துடிக்கத் தொடங்கி, ஒரு நிமிடத்திற்குள் ஓய்ந்துவிடும். இதற்கு ஒரு கட்டிலும் மருத்துவரின் கண்ணுமே போதும். வேறு கருவி வேண்டுவதில்லை.

நோயை அறிந்தும் தீர்க்கும் வழி நெடுநாள் புலப்படவில்லை. 1969-இல் அமெரிக்க அறிஞர் ஷூக்நெக்ட், கற்கள் தடுப்பின்மேல் ஒட்டிக்கொள்கின்றன என்று கூறினார். கற்கள் ஒட்டவில்லை, குழலில் தடையின்றி மிதக்கின்றன என்று பின்வந்தோர் கருதினர். அங்ஙனமாயின், வளைந்த குழாயினுள் அகப்பட்ட மணியைக் குழாயைத் திருப்பித் திருப்பி வெளியே உருட்டுவது போல், இவற்றையும் பைக்கே உருட்டிவிடலாம் அல்லவா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மருத்துவர் ஜான் எப்ளி இவ்வாறே எண்ணினார். 1980-இல் தம் முறையை மருத்துவர் மாநாட்டில் செய்து காட்டினார். கேட்டவர் பலர் நம்பவில்லை. அவர் கட்டுரையை இதழ்கள் ஏற்கவில்லை. அது அச்சேறியது 1992-இல்தான். அதே ஆண்டில், அறுவை மருத்துவத்தின்போது குழலினுள் துகள்கள் மிதப்பதைக் கண்ணாரக் கண்ட செய்தியைக் கனடா நாட்டு மருத்துவர் இருவர் வெளியிட்டனர். எப்ளியின் முறை அதன்பின் உலகெங்கும் பரவியது. அவர் 2019-இல் மறைந்தார்.

அம்முறை வருமாறு. வலக்காது பழுதுற்றதாகக் கொள்வோம். அமர்ந்திருக்கும் நோயாளியின் தலையை வலப்புறம் 45 பாகை திருப்பி, சோதனையில் செய்ததுபோலவே படுக்கவைப்பர். சுழற்சி அடங்கும்வரை, குறைந்தது அரை நிமிடமாவது, பொறுத்திருப்பர். பின் தலையை இடப்புறமாக 90 பாகை திருப்புவர், மீண்டும் பொறுத்திருப்பர். அடுத்து நோயாளி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க, முகம் தரையை நோக்குமாறு தலையை மேலும் 90 பாகை திருப்புவர். அரை நிமிடம் கழித்து மெல்ல எழுப்பி அமர்த்துவர். ஒவ்வொரு படியிலும் கற்கள் குழலின் வளைவில் சற்றே முன்னேறி, இறுதியில் பைக்குள் விழுகின்றன.

பெரும்பாலோர்க்கு ஓரிரு முறையிலேயே குணம் தெரியும். சிலர்க்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் வரலாம். அப்பொழுதும் இதே முறை உதவும். எந்தக் காது, எந்தக் குழல் என்று அறியாமல் செய்தால் பயனிராது. கழுத்தெலும்புக் கோளாறு உள்ளவர்க்குத் தீங்கும் நேரலாம். ஆதலின் முதன்முறை மருத்துவரிடம் செய்துகொள்வதே முறை.

மணிக்கணக்கும் நாட்கணக்கும்

சுழற்சி இருபது நிமிடம் முதல் பல மணி நேரம் வரை நீடித்து, அதனோடு ஒரு காதில் இரைச்சலும், அடைப்பும், கூடிக் குறையும் செவிமந்தமும் வருமாயின், அது மெனியர் நோயாகலாம். உட்செவியின் உள்நீர்மம் மிகுந்து பொங்கியிருப்பதை 1938-இல் இலண்டனிலும் ஜப்பானிலும் தனித்தனியே கண்டறிந்தனர். உணவில் உப்பைக் குறைத்தலும் சில மருந்துகளும் முதற்படியாகக் கையாளப்படுகின்றன. அடங்காத நோய்க்குக் காதினுள் மருந்து ஏற்றுவர். அரிதாக அறுவையும் செய்வர். 1961-இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டு, இந்நோயால் பறப்பதினின்று விலக்கப்பட்டார். 1968-இல் அறுவை செய்துகொண்டு, 1971-இல் அப்பல்லோ 14 கலத்தில் சென்று நிலவில் நடந்தார்.

சுழற்சி திடீரெனத் தொடங்கி இடையறாது நாட்கணக்கில் நீடித்து, கேட்டலில் குறையின்றி இருப்பின், சமநிலை நரம்பின் அழற்சியாகலாம். வைரசுக் கிருமிகளே காரணம் எனக் கருதப்படுகின்றது. ஆனால், சிறுமூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டாலும் இதே தோற்றமே இருக்கும். மிகுந்த விழிப்பு வேண்டிய இடம் இதுவே.

சிட்னியைச் சேர்ந்த ஹல்மாஜி, கர்தாய்ஸ் என்னும் இருவர் 1988-இல் கண்ட சோதனை இங்கு உதவுகின்றது. நோயாளி மருத்துவரின் மூக்கை உற்று நோக்கவேண்டும். மருத்துவர் அவர் தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவார். உட்செவியோ அதன் நரம்போ பழுதாயின், கண் இலக்கை விட்டு விலகிப் பின்னர்த் தாவி மீளும். இடையறாத சுழற்சி உள்ளவரிடம் கண் சற்றும் விலகாது நிற்குமாயின், காது நலமாக உள்ளது. அப்படியாயின் குற்றம் மூளையில் இருக்கலாம். சோதனை சரியாக இருப்பதே இங்கு அஞ்சத்தக்க அடையாளம் என்பது வியப்பன்றோ! இதனோடு வேறிரு கண் சோதனைகளையும் சேர்த்துப் பயின்ற மருத்துவர் செய்யும்போது, முதல் இரண்டு நாட்களில் காந்தப் படம் தவறவிடும் அடைப்பையும் கண்டுகொள்ள முடியும் என்பதை 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது.

பொதுமக்கள் நினைவில் கொள்ளவேண்டியவை சில. தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், முகமோ கைகாலோ மரத்தல் அல்லது வலுவிழத்தல், துணையின்றி நிற்கவும் இயலாமை, இதற்குமுன் வந்திராத கடுந்தலைவலி, திடீர்ச் செவிமந்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் 'பித்தம், படுத்தால் சரியாகிவிடும்' என்று காத்திருத்தல் ஆகாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும்.

மாத்திரையின் எல்லை

தலைசுற்றலைத் தணிக்கும் மாத்திரைகள் பயனற்றவை அல்ல. நரம்பழற்சியின் முதல் இரண்டு மூன்று நாட்களிலும், மெனியர் நோய் வந்துற்றபோதும் அவை வாந்தியையும் சுழற்சியையும் அடக்கும். ஆனால் அவற்றால் குழலில் புகுந்த கல்லை அசைக்க இயலாது. நெடுநாள் உண்டால் தூக்கக் கலக்கம் மிகுந்து முதியோர் விழுவதற்கே வழியாகும். அவற்றுள் சில கைகால் நடுக்கத்தையும் தரும். இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. பழுதுற்ற காதின் குறையை மற்றக் காது, கண், கால் ஆகியவற்றின் உதவியால் ஈடுசெய்துகொள்ளும் ஆற்றல் மூளைக்கு இயற்கையாக உண்டு. மூளையை மந்தமாக்கும் மருந்து அவ்வாற்றலையும் மந்தமாக்கிவிடும்.

அவ்வாற்றலின் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று மருத்துவ வரலாற்றில் உள்ளது. காசநோய்க்கு வரமாக வந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து, சிலருக்கு இரு காதின் சமநிலைப் பொறியையும் அழித்துவிட்டது. அவ்வாறு இழந்த மருத்துவர் ஒருவர் 1952-இல் தம் நிலையை எழுதினார். படுக்கையில் படிக்கும்போது நாடித்துடிப்பால் தலை அசைவதே எழுத்துகளைத் துள்ளச் செய்ததாம். கட்டில் கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் படித்தாராம். இருப்பினும் கண்ணையும் காலையும் துணைக்கொண்டு அவர் மெல்ல நடக்கப் பழகிக்கொண்டார்.

இப்பழக்கத்தை முறையான பயிற்சியாக வகுத்தோர், 1940-களில் இலண்டனில் பணியாற்றிய காத்தார்ன், குக்சி என்போர். தலைசுற்றலுக்கு அஞ்சிப் படுத்தே கிடந்தவரைவிட, அசைந்து நடமாடியவர் விரைவில் தேறியதை அவர்கள் கண்டனர். கண்ணை அசைத்தல், தலையைத் திருப்புதல், அமர்ந்து எழுதல், பந்தை எறிந்து பிடித்தல், நடந்துகொண்டே திரும்புதல் என எளியதிலிருந்து அரியதற்குச் செல்வன அப்பயிற்சிகள். தொடக்கத்தில் தலைசுற்றலைச் சற்றே மிகுவிப்பன போலத் தோன்றும். அம்முரண்பாட்டை உணர்ந்தால்தான் மூளை அதனைத் திருத்திக்கொள்ளும். ஆதலின் பயிற்சியை இடையில் விட்டுவிடுதல் கூடாது.

வீட்டில் முதியவர் ஒருவர் 'மயக்கமாக இருக்கிறது' என்று கூறினால், அச்சொல்லோடு விட்டுவிடாமல் மேலும் கேட்க வேண்டும். எவ்வளவு நேரம் இருந்தது? படுத்துப் புரளும்போது வந்ததா, எழுந்து நின்றபோதா? காதில் இரைச்சல் உண்டா? பேச்சும் நடையும் சரியாக உள்ளனவா? விடைகளை ஒரு தாளில் நாள், நேரத்தோடு குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டலாம். தலைசுற்றும்போது அருகிலிருப்பவர் அவர் கண்களைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுசென்றால் இன்னும் நன்று. நோயாளி மருத்துவமனையை அடைவதற்குள் பெரும்பாலும் சுழற்சி நின்றுவிடும்; கண்ணின் துடிப்பும் மறைந்துவிடும். அந்நேரத்தில் மருத்துவர்க்குக் கிடைப்பது நாம் கூறும் செய்தி ஒன்றே.